தண்மைப்பேழையும் முதல் மிடறும்

தென்கடல் தமிழர் கலாசார மன்றத்தில் அறுபத்திரண்டு குடும்பங்கள் இருந்தன. பதினேழு உபகுழுக்கள் இருந்தன. ஒவ்வொரு உபகுழுவுக்கும் தலைவர், உபதலைவர், செயலாளர் என்று வைத்துப் பாருங்கள். நியூசிலாந்தின் ஓக்லாந்தில் பதவி இல்லாத தமிழரைப் பிடிக்க வலை போட வேண்டும். ஆனாலும் விழா என்று வந்தால் கீழே கதிரையில் இருந்து கைதட்ட நாலு பேர் வேண்டாமா? அதற்காகச் சிலருக்குப் பதவி கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்தச் சிலரில் ஒருத்தி செல்வநாயகி.

தகனினியில் வாடகை வீடு. ஈஸ்ட் டாமாக்கியில் கொம்பியூட்டர் பொருத்தும் தொழிற்சாலையில் வேலை. புருசன் குலசிங்கம் பஸ் ஓட்டுகிறவர்; மன்றத்தில் துணைப் பொருளாளருக்கு உதவியாளர். அந்தப் பதவிக்கு என்ன வேலை என்று அவருக்கும் தெரியாது, துணைப் பொருளாளருக்கும் தெரியாது. ஒரே மகள் நிசாந்தினி. பதினொரு வயது. கால் நிலத்தில் நிற்காத ஓட்டக்காரி.

மன்றத்துக்கு நாற்பத்தொரு பக்கத்தில் ஒரு யாப்பு, அதாவது சட்டக்கோவை, உண்டு. அதன் இருபத்துமூன்றாம் பிரிவு சொல்வது இதுதான்: மன்ற நிகழ்ச்சிகளில் உணவையோ பானத்தையோ பிரதம விருந்தினர் தம் கரத்தால் தொடக்கி வைக்கும்வரை எவரும் வாயில் வைக்கலாகாது. இந்தப் பிரிவு சும்மா வந்ததல்ல. 1991 பொங்கல் விழாவில் பிரதம விருந்தினருக்கு முந்தி யாரோ ஒருவர் வடை எடுத்துவிட்டார். எடுத்தவர் யார் என்று கண்டுபிடிக்க ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். அது இன்றைக்கும் இயங்கிக்கொண்டிருக்கிறது.

1996 பெப்ரவரியில் மன்றத்தின் விளையாட்டுப் போட்டி மனுகாவ் பக்கத்துப் பூங்கா ஒன்றில் நடந்தது. மண்டை பிளக்கிற வெயில். பிரதம விருந்தினர் பதினொரு மணிக்கு வரவேண்டியவர், ஒன்றேகால் ஆகியும் வரவில்லை. பானப் போத்தல்கள் ஒரு தொட்டிக்குள் வெள்ளைத் துணி மூடி, சுற்றிவர ரிப்பன் கட்டி, பிணம் மாதிரிக் கிடந்தன. ஐஸ் கரைந்து தண்ணீராகி, தண்ணீர் சூடாகியும் விட்டது. நானூறு மீற்றர் ஓடி முதலாவதாக வந்த நிசாந்தினி, கோட்டைத் தாண்டி நாலு அடி வைத்து அப்படியே சுருண்டு விழுந்தாள்.

செல்வநாயகி தொட்டியடிக்கு ஓடினாள். செயலாளர் இரத்தினசிங்கம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

“அக்கா, ரிப்பன் இன்னும் வெட்டேல்லை.”

“பிள்ளை விழுந்து கிடக்குது, கண் தெரியேல்லையோ உமக்கு?”

“தெரியுது அக்கா. ஆனால் விருந்தினர் வாற வழியிலதான் நிக்கிறாராம். ஒரு அஞ்சு நிமிசம்.”

பூங்காவின் மறுகோடியில் கழிவறைக்குப் பக்கத்துக் குழாய்வரை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடித்தான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள் செல்வநாயகி. அடுத்த மாதக் கூட்ட அறிக்கையில் அந்தச் சம்பவம் இப்படிப் பதிவாகியிருந்தது: ‘வெற்றி பெற்ற சிறுமி ஒருவர் மகிழ்ச்சி மிகுதியால் சற்று அயர்ந்தார்.’

அதை அவள் இரண்டு தரம் வாசித்தாள். வருகிற வருசம் எந்தப் பிள்ளையும் ஓடி முடித்த கையோடு குளிரக் குளிரக் குடிக்க வேண்டும், எவனும் வந்து திறந்து வைக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்று அடுப்படியில் நின்று சபதம் எடுத்தாள். சபதம் எடுக்கிறவர்கள் கூந்தலை அவிழ்ப்பார்கள். இவள் ஸ்குரூ டிரைவரை எடுத்தாள்.

தொழிற்சாலையில் திரும்பி வந்த கொம்பியூட்டர்களைக் கழற்றி, பழுதானவற்றைக் கூடையில் போடுவது அவள் வேலை. அந்த நாளில் சில கொம்பியூட்டர்களில் மூளைச் சில்லின் சூட்டைத் தணிக்க ஒரு தகடு வரும். பிஸ்கட் அளவு, வெள்ளை நிறம், சிவப்பும் கறுப்புமாய் இரண்டு வயர். கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் ஐஸ்போலக் குளிரும், மறு பக்கம் தோசைக்கல்லாய்க் கொதிக்கும். கொதிக்கிற பக்கத்துச் சூட்டை அலுமினியக் கட்டியும் சின்ன விசிறியும் வைத்து வெளியே தள்ளிவிட வேண்டும். தள்ளாவிட்டால் அந்தச் சூடே திரும்பிக் குளிர்ப் பக்கத்துக்கு வந்துவிடும். இவ்வளவுதான் வித்தை.

மேற்பார்வையாளனான வெள்ளைக்காரனிடம் கூடையில் கிடப்பதை எடுத்துப் போகலாமா என்று கேட்டாள். கூடையோடு கொண்டுபோ என்றான். பக்கத்து மேசையில் வேலை செய்யும் யுவனேஸ்வரிதான் விசிறிகளைப் பொறுக்கிக் கொடுத்தாள். அவள் மலேசியாவின் ஈப்போக்காரி.

“என்னாக்கா, இத வச்சு ஐஸ்பெட்டியா? ஓடுமா லா?”

“ஓடாட்டி ஓடப் பண்ணுவம்.”

“உங்க சங்கத்துல பெர்மிஷன் கேட்டீங்களா?”

“மோர் குளிர வைக்கிறதுக்கு என்ன கண்டறியாத பெர்மிஷன்?” என்றாள் செல்வநாயகி. மனிசிக்கு அப்போது உலகம் தெரியவில்லை.

மீன்கடையில் கேட்டு வாங்கிய, தெர்மாக்கோல் மாதிரியான வெள்ளை ரெஜிபோம் பெட்டி. மூன்று நாள் கழுவியும் மீன் நாற்றம் போகாமல், நாலாம் நாள் தேசிக்காய்த் தோலால் தேய்த்ததும் போனது. பின்சுவரில் ஒரு புத்தகம் அளவுக்கு ஓட்டை வெட்டி, அலுமினியத் தகடு ஒன்றில் இரண்டு குளிர்தகடும், இரண்டு பக்கமும் அலுமினியக் கட்டிகளும், விசிறிகளும் பொருத்தி, நாலு ஸ்குரூவால் இறுக்கினாள். வீட்டில் கொம்பியூட்டரின் பழைய பவர் சப்ளையில் ஓடும். வெளியே கார் பற்றறியில் ஓடும்.

முதல் நாள் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்துவிட்டாள். உள்ளே வைத்த மோர் சூடாகித் திரைந்து பனீராகிவிட்டது. குலசிங்கம் மணந்து பார்த்துவிட்டு, “இதைக் கறி வைக்கலாம்” என்றார். இரண்டாம் நாள் ஒரு தகடு கருகியது. மூன்றாம் நாள் காலையில் இஞ்சியும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட மோரை வைத்து, பின்னேரம் வேலையால் வந்து திறந்தாள். போத்தலின் வெளியே முத்து முத்தாக வியர்த்திருந்தது. நிசாந்தினி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “அம்மா, இட்ஸ் ஃப்ரீஸிங்!” என்று துள்ளினாள். செல்வநாயகி பெட்டிக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தோசத்தில் அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதாள்.

குலசிங்கத்துக்கு வாயில் பூட்டுக் கிடையாது. மன்றக் கூட்டத்தில், ஏனைய விடயங்கள் என்ற தலைப்பின் கீழ், வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

எட்டாம் நாள் கடிதம் வந்தது. ‘திரு. குலசிங்கம் அவர்கள் அரும்பாடுபட்டுக் கண்டுபிடித்த இயந்திரத்தை மன்றம் பரிசீலிக்கும் பொருட்டு...’

“நீங்களோ கண்டுபிடிச்சனீங்கள்?” என்று கேட்டாள் செல்வநாயகி. “இந்த வீட்டில ஒரு ஆணி அடிச்சிருப்பியளோ?”

“நான் சொன்னனான் இஞ்சாரும், என்ர மனிசிதான் செய்தது எண்டு. அவை எழுதேக்க அப்பிடி எழுதிப்போட்டினம். யாப்பில கண்டுபிடிக்கிற ஆளுக்கு ‘அவர்’ எண்டுதான் கிடக்காம்.”

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். தலைவர் ஏரம்பமூர்த்தி முன்னால் வந்தார். ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், பிரதம லிகிதராக இருந்தவர். வாசலில் சப்பாத்துக் கழற்றும்போதும் யாராவது தம்மை அறிமுகப்படுத்துவார்களோ என்று நின்று பார்க்கிற மனிதர். பின்னால் காப்பாளர் நல்லசாமி. திருச்சிக்காரர், ஆட்களில் மூத்தவர். அவருக்குப் பின்னால் கோப்போடு செயலாளர் இரத்தினசிங்கம். மற்ற ஆறு பேரும் ஆளுக்கொரு உபகுழு.

முதலில் அகவணக்கம் செலுத்தினார்கள். பிறகு சென்ற கூட்ட அறிக்கை வாசித்தார்கள். செல்வநாயகியின் வரவேற்பறையில் சென்ற கூட்டம் எதுவும் நடக்கவில்லை என்பதால் வேறொரு கூட்டத்தின் அறிக்கையை வாசித்தார்கள். அதன் பிறகுதான் பெட்டியைப் பார்த்தார்கள்.

“இது குளிர்பான உபகுழுவுக்குக் கீழ வருமோ, தொழில்நுட்ப உபகுழுவுக்குக் கீழ வருமோ?” என்று கேட்டார் இரத்தினசிங்கம்.

“தொழில்நுட்ப உபகுழு எண்டு எங்களிட்ட ஒண்டு இல்லையே,” என்றார் குலசிங்கம்.

எல்லோரும் அதிர்ந்து போனார்கள். அந்த இடத்திலேயே தொழில்நுட்ப உபகுழு அமைக்கப்பட்டது. தலைவர், ஏரம்பமூர்த்தி. செயலாளர், அவருடைய மச்சான். மச்சான் அப்போது வெலிங்டனில் இருந்தார். அது ஒரு குறையாகக் கருதப்படவில்லை.

அடுத்தது பெயர். ‘கூலர்’ என்றால் தமிழ் செத்துவிடும். ‘குளிர்பெட்டி’ என்றால் யாருக்கும் விளங்கிவிடும், அதில் ஒரு கம்பீரம் இல்லை. முக்கால் மணித்தியால விவாதத்துக்குப் பிறகு ‘மின்னியல் பானத் தண்மைப்பேழை’ என்று ஏகமனதாக நிறைவேறியது.

அதற்குப் பிறகு செயலாளர் ஒரு தாளை எடுத்து வாசித்தார். ஆள் ஆளுக்கு எவ்வளவு குளிர் என்ற பட்டியல் அது. பிரதம விருந்தினருக்கு நாலு பாகை. காப்பாளருக்கு ஆறு. தலைவருக்கு ஆறு.

“தம்பி, ஒரு நிமிஷம்,” என்றார் நல்லசாமி. “காப்பாளரும் தலைவரும் ஒரே டிகிரியா? அப்புறம் காப்பாளர்னு ஒருத்தர் எதுக்கு? நான் பதவிக்காகப் பேசுறதா நினைக்காதீங்க. பாரம்பரியத்துக்காகப் பேசுறேன்.”

காப்பாளருக்கு ஐந்தரை என்று திருத்தினார்கள். நிர்வாகக் குழுவுக்குப் பத்து, ஆயுள் அங்கத்தவருக்குப் பன்னிரண்டு, சாதாரண அங்கத்தவருக்குப் பதினைந்து. கடைசி வரி: ‘போட்டியில் பங்குபற்றும் சிறுவர்கள் — சுற்றாடல் வெப்பநிலை.’

செல்வநாயகிக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகம் வந்தது. “அப்ப ஓடுற பிள்ளையளுக்குச் சுடுதண்ணியோ?”

“சுடுதண்ணி இல்லை, அக்கா. சுற்றாடல்,” என்றார் இரத்தினசிங்கம்.

“இஞ்ச பாருங்கோ. இந்தப் பெட்டிக்குள்ள ஒரே குளிர்தான். முதலாவதா ஓடி முடிக்கிற பிள்ளைதான் முதலாவதாக் குடிக்கும். அதுக்குத்தான் நான் செய்தனான்.”

ஏரம்பமூர்த்தி எழுந்தார். அவருக்கு இருந்துகொண்டு பேச வராது.

“பெருமதிப்பிற்குரிய காப்பாளர் அவர்களே, நிர்வாகப் பெருமக்களே, திரு. குலசிங்கம் அவர்களின் துணைவியாரே. தாகம் என்பது ஒரு தனிமனிதனின் உணர்ச்சி. ஒழுங்கு என்பதோ ஓர் இனத்தின் உணர்ச்சி. தண்ணீரை ஆடு குடிக்கிறது, மாடு குடிக்கிறது. யார் முதலில் குடிப்பது என்று தீர்மானித்துவிட்டுக் குடிக்கிறவன் தமிழன் ஒருவன்தான். இன்றைக்கு ஒரு குழந்தை விருந்தினருக்கு முன் மோர் குடிக்கும். நாளைக்கு விருந்தினர் இல்லாமலே மோர் குடிக்கும். நாளை மறுநாள் நாம் இல்லாமலே விழா நடக்கும்! அந்த நிலைக்கா நாம் இந்த மன்றத்தை வளர்த்தோம்?”

மற்ற எட்டுப் பேரும் கைதட்டினார்கள். குலசிங்கமும் பழக்கதோசத்தில் தட்டினார். பிறகு மனிசியின் முகத்தைப் பார்த்துக் கையை மடிக்குள் வைத்துக்கொண்டார்.

செல்வநாயகி பெட்டியைத் தரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பிள்ளைகள் பழையபடி ரிப்பன் கட்டிய தொட்டிக்கு முன்னால் நாக்குத் தொங்க நிற்கும். தேர் எந்தத் தெருவால் போனாலும் முட்டுக்கட்டை யார் கையில் என்பதுதான் முக்கியம் என்று நினைத்துக்கொண்டு, “சரி, கொண்டுவாறன்” என்றாள்.

1997 பெப்ரவரி. அதே பூங்கா, அதே வெயில். பிரதம விருந்தினராக அந்தப் பகுதி மாநகர சபை உறுப்பினர் ஒருவர், நல்ல சுபாவமான வெள்ளைக்காரர், வருவதாக இருந்தது. முப்பது போத்தல் மோருடன் பெட்டி மேடையில் வெள்ளை விரித்த மேசைமேல் ஏறியது. பெட்டிக்கு முன்பக்கம் மன்றத்தின் இலச்சினை, அதன் கீழே தலைவரின் படம், அதன் கீழே ‘கண்டுபிடிப்பு: குலசிங்கம் குடும்பத்தினர், தலைவரின் வழிகாட்டலில்’. இரத்தினசிங்கம் பெட்டியைச் சுற்றி ரிப்பன் கட்டி, மூடியில் இரண்டு கொளுக்கி குத்தி, ஆமைப்பூட்டு ஒன்றும் போட்டு, திறப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு விரலால் இழுத்தால் பெயர்ந்து வருகிற ரெஜிபோமில் அத்தனை பெரிய பூட்டை அதற்கு முன் எவரும் பார்த்ததில்லை.

பெட்டிக்குப் பின்னால் குத்துவிளக்கு. தலைவர் திரியைக் கொளுத்தினார், அணைந்தது. காப்பாளர் கொளுத்தினார், அணைந்தது. ஓக்லாந்தில் வெளியில் குத்துவிளக்கு எரிந்ததாகச் சரித்திரமில்லை. போன வருசம் காற்று அதை ஒன்பது முறை அணைத்தது. ஆனால் காற்றின்மேல் மன்றத்துக்கு அதிகாரம் இல்லை. விசிறியின்மேல் இருந்தது.

“விளக்கு அணையிறது அபசகுனம்,” என்றார் ஏரம்பமூர்த்தி. “தங்கச்சி, உந்த விசிறியை நிப்பாட்டும்.”

“விசிறியை நிப்பாட்டினால் பெட்டி அடுப்பாகிப் போகும், அண்ணை. விளக்கைக் கொஞ்சம் அங்கால தள்ளி வையுங்கோ.”

“விளக்கைத் தள்ளுறதோ!”

“அப்ப பெட்டியைத் தள்ளுறன்.”

“பெட்டி நிகழ்ச்சி நிரலில இருக்கு. நிகழ்ச்சி நிரலில இருக்கிறதைத் தள்ளேலாது. சும்மா அஞ்சு நிமிசம்தானே, நிப்பாட்டும்.”

மன்றத்தின் ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று செல்வநாயகிக்குத் தெரியும். விசிறியை மட்டும் நிறுத்தினால் தகடு கருகும் என்று பற்றறி வயரையே கழற்றினாள். விளக்கு எரிந்தது, காற்று அணைத்தது, மறுபடி எரிந்தது. அகவணக்கம், தமிழ்மொழி வாழ்த்து, நாட்டு வாழ்த்து, வரவேற்புரை, காப்பாளரின் ஆசியுரை. அதற்குள் மைதானத்து வெள்ளைக் கோட்டில் பிள்ளைகளின் எண்ணூறு மீற்றர் ஓட்டம் தொடங்கிவிட்டது, ஏனென்றால் ஓட்டத்தையும் நிகழ்ச்சி நிரலில் பன்னிரண்டரைக்குப் போட்டிருந்தார்கள். விருந்தினர் வரவில்லை. ஏரம்பமூர்த்தி தலைமையுரைக்கு எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

செல்வநாயகி பெட்டியின் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தாள். பின்தகடு இளஞ்சூடாகத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு மணித்தியாலம் போனால் உள்ளே இருப்பது பிள்ளைகளுக்கென்று எழுதிய அதே சுற்றாடல் வெப்பநிலைக்கு வந்துவிடும். மைதானத்தில் நிசாந்தினி இரண்டாவது சுற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது. போன வருசம் பிள்ளையைத் தூக்கிய பாரம் தோளில் வந்து குந்தியது. போதும் என்று தோன்றியது, வேறொன்றும் தோன்றவில்லை.

போட்டி பார்க்க வந்திருந்த யுவனேஸ்வரி கீழே நின்றாள். “அக்கா, பூட்டை உடைச்சிடவா?”

“வேண்டாம். ரிப்பனும் பூட்டும் விருந்தினருக்கு உரியது. அவற்ற உரிமையில நாங்கள் ஏன் கைவைப்பான்?”

மேடையின் பின்பக்கமாக வந்து, ஸ்குரூ டிரைவரை எடுத்து, பின்தகட்டின் நாலு ஸ்குரூவையும் கழற்றினாள். தகடு, விசிறி, எல்லாம் ஒரு துண்டாகக் கையோடு வந்தது. புத்தகம் அளவு ஓட்டை. கையை விட்டாள். போத்தல் இன்னும் குளிர்ந்தது.

முதலாவதாக ஓடிமுடித்தவள் இந்த முறை நிசாந்தினி அல்ல, பஞ்சாபிப் பிள்ளை ஒன்று. விருந்தாளியாகச் சேர்ந்து ஓடியது. முதல் போத்தல் அதற்கு. பிறகு நிசாந்தினிக்கு. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு வந்த ஒவ்வொன்றுக்கும். யுவனேஸ்வரி வரிசை கட்டினாள். பிள்ளைகளுக்குப் பின்னால் தாய்மார் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் சங்கீத உபகுழு, அதற்குப் பின்னால் ஒழுக்காற்று உபகுழு. தலைவர் தலைமையுரையில் நாலாயிரம் ஆண்டுத் தமிழரின் விருந்தோம்பலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கதிரைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிற மனிதர், அது அவருக்குத் தெரியவில்லை.

பிரதம விருந்தினர் காரை மேடைக்குப் பின்னால் நிறுத்தினார். இறங்கியதும் ஒரு வரிசை நிற்பதைக் கண்டார். வெள்ளைக்காரருக்கு வரிசையைக் கண்டால் கால் தானாகப் போய்க் கடைசியில் நிற்கும். பத்து நிமிடத்தில் அவர் கையிலும் ஒரு போத்தல் வந்தது. பச்சைமிளகாய் கடித்துக் கண் கலங்கினாலும் கடைசித் துளிவரை குடித்து, நன்றி சொல்லிவிட்டு மேடை ஏறினார். மேலுதட்டில் மோர் மீசை.

கரகோசத்தோடு ரிப்பன் வெட்டினார்கள். பூட்டைத் திறந்தார்கள். மூடியைத் தூக்கியதும் உள்ளே பின்னாலிருந்த ஓட்டை வழியாக மைதானம் தெரிந்தது. அங்கே அந்தப் பஞ்சாபிப் பிள்ளை வெறும் போத்தலைத் தூக்கி ஆட்டியது.

பத்தாம் நாள் விசாரணை அறிவித்தல் வந்தது. இந்த முறை பிழையில்லாமல் ‘திருமதி செல்வநாயகி’ என்று எழுதியிருந்தார்கள். கண்டுபிடிப்புக்குத்தான் புருசன் பெயர். குற்றத்துக்குச் சொந்தப் பெயர். குற்றச்சாட்டு ஒன்றுதான்: இருபத்துமூன்றாம் பிரிவை மீறி, அதிகாரமற்ற நபர்களுக்கு முதல் மிடறை வழங்கியமை. மன்னிப்புக் கடிதமும் பெட்டியும் மன்றத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும். ஒப்படைக்காவிட்டால் குடும்பத்தோடு நீக்கம். நிசாந்தினி இனி மன்றத்துப் போட்டிகளில் ஓட முடியாது.

அந்தக் கடைசி வரிதான் உறைத்தது. பிள்ளை அதை வாசித்துவிட்டுத் தன் ஓட்டச் சப்பாத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் விசாரணைக் குழு வந்தது. தலைவர், காப்பாளர், செயலாளர். நாலாவதாக, நிதித் துறையிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்று யாப்பில் இருந்ததால், குலசிங்கம். அவர் சமையலறையிலிருந்து எழுந்து போய், வாசலுக்கு வெளியே நின்று, மற்றவர்களோடு சேர்ந்து மணியடித்து உள்ளே வந்தார்.

வீட்டுக்குள் வெயில் அடைந்து கிடந்தது. கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நாலு பேரும் சோபாவில் ஒட்டிக்கொண்டு வேர்த்தார்கள். அவர்களுக்கு முன்னால் சின்ன மேசையில் பெட்டி. பின்தகடு பூட்டி, விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தலைவரின் படம் இருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது.

“தொடங்க முந்தி ஏதும் குடிக்கிறியளோ?” என்றாள் செல்வநாயகி. மூடியைத் திறந்தாள். குளிர் முகத்தில் அடித்தது. கறிவேப்பிலை மணந்தது. நாலு தொண்டைக்குழியும் ஒருதரம் ஏறி இறங்கின.

“தாருமன்,” என்றார் இரத்தினசிங்கம்.

“தாறன். ஆனால் பிரிவு இருபத்துமூன்று இருக்கே. முதல் மிடறு ஆருக்கு எண்டு சொல்லுங்கோ. நான் இன்னொருக்கால் பிழை விடக்கூடாது.”

“தலைவர் இருக்கேக்க இதில என்ன கேள்வி,” என்று கையை நீட்டினார் ஏரம்பமூர்த்தி.

“காப்பாளர் உக்காந்திருக்கேன், பார்க்கலையா?” என்றார் நல்லசாமி. “அன்னைக்கே அஞ்சரை டிகிரின்னு தீர்மானம் ஆச்சே. ஆறுக்கு முன்னாடி அஞ்சரை வருமா வராதா?”

“அது பெட்டித் தீர்மானம். இது விசாரணை. விசாரணைக்குத் தலைவர் நான்.”

இரத்தினசிங்கம் யாப்பை விரித்துப் பக்கம் பக்கமாகத் தேடினார். வேர்வை தாளில் சொட்டியது. விசாரணையில் பானம் பற்றி யாப்பு மௌனம் சாதித்தது. வாக்கெடுப்பு நடந்தது. தலைவருக்குத் தலைவர் போட்டார். காப்பாளருக்குக் காப்பாளர் போட்டார். செயலாளர் நடுநிலை வகித்தார். குலசிங்கம் மனிசியைப் பார்த்தார். முக்கால் மணித்தியாலம் போனது. செல்வநாயகி மூடியைத் திறந்தபடியே மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள்.

“நீங்கள் கதைச்சு முடியுங்கோ,” என்றாள். “போன வருசம் என்ர பிள்ளை மைதானத்தில விழுந்து கிடக்கேக்கயும் இதைத்தான் கதைச்சுக்கொண்டு இருந்தனீங்கள். உங்களில ஒருத்தரும் ஒரு மிடறு தண்ணி குடுக்கேல்லை. எழுதினியள், மகிழ்ச்சி மிகுதியாம். அதை எழுதின கைக்கு நான் மன்னிப்புக் கடிதம் எழுதமாட்டன். பெட்டியும் தரமாட்டன். பதவியில இருக்கிறவைக்குத்தானே வரிசை. பதவி இல்லாத ஆள் ஆரும் வந்தால் எந்த வரிசையும் இல்லாமல் இப்பவே ஊத்தித் தருவன்.”

குலசிங்கம் எழுந்தார்.

“தலைவர் அவர்களே, துணைப் பொருளாளருக்கு உதவியாளர் பதவியை நான் இந்த நிமிசத்தில இருந்து ராஜினாமாச் செய்யிறன். இஞ்சாரும், ஒரு கிளாஸ்.”

பதின்மூன்று வருசக் குடும்ப வாழ்க்கையில் அவர் பேசிய மிக நீளமான வீர வசனம் அதுதான். செல்வநாயகி வாய் நிறையச் சிரித்துக்கொண்டு தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடிக்கிற சத்தம் மற்ற மூன்று பேருக்கும் கேட்டது.

இரத்தினசிங்கம் யாப்பை மூடினார். “எனக்குப் பிரஷர் இருக்கு,” என்று யாருக்கென்றில்லாமல் சொன்னார். “டொக்டர் தண்ணி நிறையக் குடிக்கச் சொன்னவர். செயலாளர் பதவியில இருந்து... சரி, விலகுறன். தாங்கோ அக்கா.” குடித்தார். குடித்த கையோடு கோப்பைத் திறந்து, நீக்கல் கடிதத்தை எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டார்.

நல்லசாமி தலைவரை ஒருதரம் பார்த்தார். “காப்பாளர்ங்கிறது கௌரவப் பதவிதானே. கௌரவத்தை நாளைக்குப் பேசிக்கலாம். ஊத்தும்மா.”

சோபாவில் ஏரம்பமூர்த்தி தனியாக இருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. மற்ற மூவரும் கோட்டைக் கழற்றிவிட்டு இரண்டாவது கிளாசுக்கு வந்திருந்தார்கள். நிசாந்தினி தன் சப்பாத்தை எடுத்துக்கொண்டு வந்து கதவடியில் இருந்து நாடா கோத்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி,” என்றார் அவர், கடைசியில், மெல்ல. “எனக்கும் தண்ணி விடாய்க்குது.”

செல்வநாயகிக்கு மனம் இளகியது. என்ன இருந்தாலும் வயதான மனிதர், வீடு தேடி வந்தவர். ராஜினாமாக் கேட்கவில்லை. இருந்ததில் பெரிய கிளாசில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

ஏரம்பமூர்த்தி கிளாசை வாங்கினார். கையில் ஒரு கிளாஸ். முன்னால் ஐந்து பேர். ஐந்து பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனிதர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

“பெருமதிப்பிற்குரிய முன்னாள் காப்பாளர் அவர்களே, முன்னாள் செயலாளர் அவர்களே...”

செல்வநாயகி கிளாசை அவர் கையிலிருந்து வாங்கி, நின்றபடியே மடமடவென்று கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, வாயைத் துடைத்தாள்.

“நீங்கள் பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்கோ, அண்ணை,” என்றாள். “பெட்டிக்குள்ள இன்னும் கிடக்குது.”